செய்யச் சொல்லி வாங்கிய நகை: வைத்துக்கொள்வதா, விற்பதா?

மின்தராசில் வைத்ததும் எண் ஓடி 5.80 கிராமில் நின்றது. பழைய நகை வாங்குபவர் மோதிரத்தை எடுத்து லென்ஸ் வழியாகப் பார்த்தார். உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, அதன் மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டார். கோடு கலையாமல் நின்றது. கால்குலேட்டரில் நான்கைந்து தட்டல். "தங்கத்துக்கு மட்டும் போட்டுத் தர்றேம்மா. கல்லை நீங்களே வெச்சுக்கோங்க" என்றார். துணைக்குப் போயிருந்த நான் தோழியின் முகத்தைப் பார்த்தேன். அந்த மோதிரத்துக்காக நான்கு மாதம் பென்சிலும் கையுமாக இருந்தவள் அவள். இலையின் நரம்பு எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று மெழுகு அச்சையே மூன்று முறை திருத்தச் சொன்னவள். அந்த வரைபடங்களைக் கைப்பையில் கொண்டுவந்திருந்தாள். கடைசிவரை வெளியே எடுக்கவே இல்லை.

அவர் ஏமாற்றவில்லை. கணக்கைப் பாருங்கள். நடுவில் இருந்த நீலக்கல் 1.2 காரட். கல்லுக்குக் காரட் என்பது எடை. ஒரு காரட் 0.2 கிராம் என்று 1907-இல் சர்வதேச எடை அளவை மாநாடு ஏற்றுக்கொண்டது. ஆக கல் 0.24 கிராம். அதைக் கழித்தால் உலோகம் 5.56 கிராம். தங்கத்துக்குக் காரட் என்பது எடையல்ல, மாற்று. 24-இல் எத்தனை பங்கு சொக்கத் தங்கம் என்பதே அந்த எண். மோதிரம் 18 காரட், அதாவது ஆயிரத்தில் 750 பங்கு. 5.56 கிராமில் அது 4.17 கிராம். இலை, நரம்பு, நான்கு மாதம் எல்லாம் போக, வாங்குபவரின் கண்ணுக்குத் தெரிந்தது அந்த 4.17 கிராம்தான்.

செய்யச் சொல்லி வாங்கிய நகையை விற்கப் போகிறவர்கள் அடிபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரே நகைக்குள் மூன்று மதிப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: உலோகம், கல், அப்புறம் நமக்கென்று செய்த வேலை. வாங்கும்போது மூன்றுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோம். விற்கும்போது முதலாவதற்கு ஒழுங்காக விலை கிடைக்கும், இரண்டாவதற்குச் சில சமயம் கிடைக்கும், மூன்றாவதற்கு அநேகமாகக் கிடைக்காது. அதனால் 'இதை விற்றால் எவ்வளவு வரும்' என்று தொடங்குவதைவிட, 'இந்த மூன்றில் எதை நான் விட்டுக்கொடுக்கப் போகிறேன்' என்று தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். பதில் நகைக்கு நகை மாறும்.

மூன்றாவது மதிப்பு செய்யச் சொன்ன நகையில் ஏன் இவ்வளவு கனக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கடையில் தொங்கும் மோதிரம் ஒரே அச்சில் நூறு, ஆயிரம் என்று வார்க்கப்பட்டது. வடிவமைத்த செலவும் அச்சு எடுத்த செலவும் அத்தனைக்கும் பங்காகிவிடும். உங்கள் மோதிரத்துக்கு அந்த முழுச் செலவையும் நீங்கள் ஒருவரே சுமந்தீர்கள். வரைபடம், கணினி மாதிரி, மெழுகு அச்சு, அதைத் திருத்தியது, ஒரே ஒரு முறை வார்த்தது, கையால் கல் பதித்தது எல்லாம் அதில் அடக்கம். எனவே ஒரே எடையுள்ள கடை நகையைவிடச் செய்யச் சொன்ன நகையில் கூலியின் பங்கு அதிகம், விற்கும்போது விழும் பள்ளமும் ஆழம். திருப்பிக் கொடுக்கலாம் என்ற வழியும் பல இடங்களில் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 நுகர்வோர் உரிமை விதிகள், தொலைவிலிருந்து வாங்கிய பொருளை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்ப இடம் தருகின்றன. ஆனால் வாங்குபவர் சொன்னபடி செய்த பொருளுக்கு அந்த உரிமை இல்லை. சொன்னதற்கு மாறாகச் செய்திருந்தால், குறையோடு செய்திருந்தால், அது வேறு கதை. அதைத் தள்ளிப்போடாமல் கேட்க வேண்டும்.

எல்லா நகைக்கும் இந்தப் பள்ளம் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. தடித்த, வேலைப்பாடு இல்லாத வளையலைச் செய்யச் சொல்லியிருந்தால் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி உலோகத்துக்கே போயிருக்கும். விற்றால் இழப்பு குறைவு. வாங்கியதற்கு அப்புறம் தங்கம் ஏறியிருந்தால் இழப்பே இல்லாமலும் போகலாம். மெல்லிய கம்பி வேலை, எனாமல், பொடிக் கற்கள் பதித்த பதக்கம் என்றால் கணக்கு தலைகீழ். எனாமல் உருக்கினால் கழிவு. பொடிக் கற்களைக் கழற்றும் கூலியே அவற்றின் விலையைத் தாண்டிவிடும் என்பதால், வாங்குபவர்கள் பலர் அவற்றுக்குப் பணமே போடுவதில்லை, எடையை மட்டும் கழித்துவிடுவார்கள்.

உலோகத்திலும் சில கழிவுகள் நியாயமானவை. இணைப்புகளில் வைத்து ஊதும் பொடி, அதாவது பற்றவைக்கும் உலோகக் கலவை, பெரும்பாலும் நகையைவிட மாற்றுக் குறைந்தது. இணைப்பு அதிகமுள்ள சங்கிலியை உருக்கினால் மாற்று சற்று இறங்கும். சுத்திகரிப்புச் செலவு இருக்கிறது. உலகச் சந்தையில் சொல்லப்படும் தங்க விலை 31.1035 கிராம் எடையுள்ள டிராய் அவுன்ஸுக்கு, அதுவும் சொக்கத் தங்கத்துக்கு. அதை அப்படியே கிராமாக்கி நம் 18 காரட் நகையோடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பரிசோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. எக்ஸ்கதிர் இயந்திரம் நகையைக் காயப்படுத்தாமல் மாற்றைச் சொல்லும். ஆனால் அது மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தை மட்டுமே பார்க்கும். மேலே தடித்த முலாம் இருந்தால் தவறாகச் சொல்லும். அதனால் சிலர் ஓரத்தை அரத்தால் ராவிப் பார்க்கக் கேட்பார்கள், சிலர் உருக்கிப் பார்க்கக் கேட்பார்கள். ராவிய தடத்தை மெருகு போட்டு மறைத்துவிடலாம். உருக்கியதைத் திரும்பப் பெற முடியாது. விலைக்கு முழுச் சம்மதம் சொல்லும்வரை உருக்க விடாதீர்கள்.

கல்லுக்கு வருவோம். வைரத்தைப் பற்றி நம் மனதில் இருக்கும் பாதி எண்ணம் விளம்பரம் எழுதிக் கொடுத்தது. 'வைரம் என்றென்றைக்கும்' என்ற பொருள்படும், வைர நிறுவனமான டி பியர்ஸின் வாசகத்தை 1947-இல் ஃபிரான்சஸ் ஜெரட்டி என்ற விளம்பர எழுத்தாளர் எழுதினார். என்றென்றைக்கும் வைத்திருக்க வேண்டியது என்ற உணர்வு வேரூன்றியதால், ஒரு முறை விற்ற வைரம் போட்டியாகச் சந்தைக்குத் திரும்பி வருவதும் குறைந்தது. ஆனாலும் விற்கப் போகும் நாளில்தான் சில்லறை விலைக்கும் மறுவிற்பனை விலைக்கும் நடுவே இருக்கும் தூரம் தெரியும். அந்தத் தூரத்தைச் சற்றுக் குறைப்பது தரச் சான்றிதழ். 1931-இல் தொடங்கிய அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம் இயற்கை வைரத்தின் நிறத்தை டி-யில் இருந்து இசட் வரை தரம் பிரிக்கிறது; உலகெங்கும் வியாபாரிகள் அந்த மொழியில்தான் பேசுகிறார்கள். சான்றிதழ் இல்லாத கல்லை, வாங்குபவர் தன் பாதுகாப்புக்காக ஒரு படி குறைத்தே மதிப்பிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் என்றால் என் கருத்து இன்னும் கறாரானது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் 1954 டிசம்பரில் செயற்கை வைரத்தை உருவாக்கியது. நகைக்கு ஏற்ற பெரிய கற்கள் மலிவாக வரத் தொடங்கியது வெகுகாலம் கழித்துத்தான். உற்பத்தி பெருகப் பெருக விலை சரிந்துகொண்டே வந்திருக்கிறது. டி பியர்ஸே 2018-இல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் ஆய்வக வைர நகை விற்கத் தொடங்கி, 2025-இல் அதை மூடப்போவதாக அறிவித்தது. அணிய அது வைரமேதான். கார்பன்தான், கற்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் 10 கடினம்தான். ஆனால் இன்று புதுக்கல்லே மலிவாகக் கிடைக்கும்போது பழையதை யார் விலை கொடுத்து வாங்குவார்? அந்தக் கல்லின் மறுவிற்பனை மதிப்பைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, மீதிக் கணக்கைப் போடுங்கள்.

வண்ணக் கற்களில் இன்னொரு தொல்லை. நீலக்கல்லும் மாணிக்கமும் சூடேற்றி நிறம் தேற்றப்பட்டவையாக இருக்கலாம். மரகதத்தின் விரிசல்களில் எண்ணெய் ஊட்டுவது வழக்கம். இது தெரியாமல் மதிப்புச் சொல்ல எவரும் தயங்குவார்கள். தோழியின் கல் தனித்து நின்ற காரணம் வேறு: இலைக்குப் பொருந்த வேண்டும் என்று ஒரு பக்கம் ஒடுங்கிய வடிவத்தில் வெட்டியிருந்தார்கள். அவளுடைய இலையில் அது பனித்துளி மாதிரி உட்கார்ந்திருக்கும். வேறு எந்த நகையிலும் அதற்கு இடமில்லை. அதனால்தான் கல்லை அவளையே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

சரி, வேலைக்கு விலையே இல்லையா? உண்டு, செய்தவருக்கோ அணிந்தவருக்கோ பெயர் இருந்தால். 1987 ஏப்ரலில் ஜெனீவாவில் சதபீஸ் நிறுவனம் விண்ட்சர் கோமகள் வாலிஸ் சிம்சனின் நகைகளை ஏலம் விட்டது. பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்டாக இருந்து, அவரை மணப்பதற்காக முடி துறந்த கணவர் அவருக்காகச் சொல்லிச் செய்தவை அவற்றில் ஏராளம். பலவற்றில் இருவருக்குமான வாசகங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. மொத்தம் சுமார் 5 கோடி டாலருக்குப் போனது. அந்த எழுத்துகள் விலையை ஏற்றின. நம் மோதிரத்தின் உட்புறம் பொறித்த இரண்டு முதலெழுத்துகளையும் தேதியையும், வாங்குபவர் முதல் வேலையாக அரத்தால் அழிப்பார். இரண்டும் அன்பால் பொறித்தவைதான். ஒன்றின் கதை வாங்குபவருக்குத் தெரியும், மற்றது தெரியாது. சந்தைக்கு அந்த வித்தியாசம் மட்டுமே கணக்கு.

விற்பனையில் பலரைத் தடுமாற வைக்கும் காகிதம் ஒன்று இருக்கிறது: காப்பீட்டுக்காக வாங்கிய மதிப்பீட்டுச் சான்று. அதில் போட்டிருப்பது பதிலீட்டு மதிப்பு. அதாவது நகை தொலைந்தால், அதே போல ஒன்றைப் புதிதாகச் செய்ய, கூலி உள்பட, எவ்வளவு ஆகும் என்பது. இன்று ஒருவர் கையிலிருந்து எடுத்துத் தரும் பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவர்கள், எதிரே இருப்பவர் தங்களைக் கொள்ளையடிக்கிறார் என்றே நம்பித் திரும்புகிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

இந்த நம்பிக்கைக்குப் பின்னால் மனித சுபாவமும் இருக்கிறது. கானமன், நெட்ச், தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பை ஒன்றைக் கொடுத்துவிட்டு, விற்க என்ன விலை கேட்பீர்கள் என்று விசாரித்தார்கள். கோப்பை கிடைக்காதவர்கள் தரத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு கேட்டார்கள். கையில் வந்து சில நிமிடங்களே ஆன கோப்பைக்கே இப்படி. 2012-இல் நார்ட்டன், மோச்சன், ஏரியலி வெளியிட்ட இன்னொரு ஆய்வில், தாங்களே மடித்த காகிதப் பொம்மைகளை மக்கள் தேர்ந்த கலைஞர்கள் செய்ததற்குக் கிட்டத்தட்டச் சமமாக மதித்தார்கள். மற்றவர்களுக்கு அவை கசங்கிய காகிதமாகத் தெரிந்தன. செய்யச் சொன்ன நகையில் இந்த இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன: அது நம்முடையது, நாம் சேர்ந்து உருவாக்கியது. அதனால் நாம் மனதில் போடும் விலை எப்போதும் மேலேதான் நிற்கும்.

அந்த உணர்வை மாயை என்று ஒதுக்கச் சொல்லும் ஆலோசனைகளை நான் ஏற்பதில்லை. இலை நரம்பைப் பார்க்கும்போது தோழிக்கு வரும் சந்தோஷம் அவளுக்கு உண்மையிலேயே கிடைக்கும் பலன். அதைக் காசாக மாற்ற முடியாது, ஆனால் அணிந்து அனுபவிக்க முடியும். இதைப் புரிந்துகொண்டால் ஒரு கேள்வி தெளிவாகிறது. செய்யக் கொடுத்த பணம் விற்றாலும் திரும்பாது, வைத்திருந்தாலும் திரும்பாது; அதை மறந்துவிடுங்கள். இன்று ஒருவர் தரும் தொகை மேசையில் ஒரு பக்கம், நகை மறுபக்கம். இதற்குமுன் அந்த நகையைப் பார்த்ததே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகைக்கு அதை வாங்குவீர்களா? நல்ல வேலைப்பாடுள்ள நகையை வெறும் உலோக விலைக்கு யாராவது நமக்கு நீட்டினால் நம்மில் பலர் ஓடிப்போய் வாங்குவோம். அப்படியென்றால் அந்த விலைக்கு விற்பது நமக்கு நட்டம். 'வேண்டாம், பணத்தைக் கொடு' என்று மனம் உடனே சொன்னால், விற்பதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை.

ஆனால் இந்தக் கேள்விக்கும் முன்னால் கேட்க வேண்டியது: ஏன் இதை அணிவதில்லை? என் அனுபவத்தில் முக்கால்வாசி நேரம் பதில் சின்னதாக இருக்கும். மோதிரத்தின் கல் உயரமாக நின்று துணியில் மாட்டும். விரல் வெப்பத்தில் உப்பும், குளிரில் சுருங்கும். காலையில் கழன்று விழும் மோதிரம் மாலையில் இறுகும். தோடு கனத்தால் காதுமடலில் முன்னால் சாயும். பதக்கம் சங்கிலியில் திரும்பிக் கவிழ்ந்தே கிடக்கும். வளையம் கோத்த இடம் அதன் கனத்தின் நடுப்புள்ளிக்குக் கீழே அமைந்துவிட்டால் அப்படித்தான் ஆகும். வரைபடத்தில் இவை எதுவும் தெரியாது. கடையில் போட்டுப் பார்த்து வாங்கும் நகையில் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். சொல்லிச் செய்யும் நகையில் பணம் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, பல நாள் அணிந்த பிறகுதான் தெரிகிறது. நாம் அதைக் 'கற்பனை செய்த மாதிரி வரவில்லை' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு டப்பாவில் போட்டுவிடுகிறோம்.

இவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்யலாம். கல் இருக்கையைத் தாழ்த்தலாம், பதக்க வளையத்தை மேலே ஏற்றலாம், தோட்டுக்குப் பின்னால் அகலத் திருகு போடலாம், பளபளப்பு உறுத்தினால் மங்கல் மெருகு கொடுக்கலாம். எல்லாம் அல்ல: சுற்றிலும் முழுக்கக் கல் பதித்த மோதிரத்தை அளவு மாற்றுவது மிகக் கடினம், டங்ஸ்டன் மோதிரத்தில் முடியவே முடியாது. ஆனாலும் விற்கக் கிளம்பும் முன் செய்தவரிடம் ஒரு முறை கொண்டுபோய்க் காட்டுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. நகையின் உள்ளே எங்கே பலம், எங்கே பலவீனம் என்று அவருக்குத் தெரியும்.

சரிசெய்ய முடியாத காரணங்களும் உண்டு. உறவு முறிந்திருக்கலாம். நகையைப் பார்த்தாலே நெஞ்சு கனக்கலாம். அங்கே சதவீதக் கணக்கு பேசுவது முறையல்ல. போகட்டும் என்று தோன்றினால் போகட்டும். ஒன்றே ஒன்று: முதல் சில வாரங்களில் வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து ஆறு மாதம் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அழித்துச் செய்வது நடுவழி. கேட்க இனிப்பாக இருக்கும், செலவு அப்படியல்ல, ஏனென்றால் கூலியை இரண்டாம் முறை கட்டுகிறோம். பழைய பொடி கலந்த தங்கத்தை அப்படியே வார்த்தால் துளை விழலாம் என்பதால் பல பொற்கொல்லர்கள் பாதிக்குப் பாதியாவது புதுத் தங்கம் சேர்ப்பார்கள். கல்லைக் கழற்றும்போது உடைந்தால் யார் பொறுப்பு என்பதை முன்பே எழுதி வாங்குங்கள். மோஸ் அளவில் சுமார் 2.5 மட்டுமே கடினமுள்ள முத்தை நெருப்பருகே விடவே கூடாது. எண்ணெய் ஊட்டிய மரகதத்தை மீயொலித் தொட்டியில் போட்டுச் சுத்தம் செய்யக் கூடாது. என்ன அணியப் போகிறோம் என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டும் இந்த வழி. இல்லாவிட்டால் டப்பாவில் கிடக்க இன்னொரு நகை தயாராகும்.

விற்பதென்றே முடிவானால், வேலைப்பாடு மிகுந்த நகையை உருக்குபவரிடம் கொண்டுபோவதைக் கடைசி வழியாக வையுங்கள். அதை அணியப் போகிற ஒருவரைத் தேடுங்கள். சில மாதங்கள் பிடிக்கும், ஆனால் மூன்றாவது மதிப்பில் கொஞ்சமாவது மீளக்கூடிய வழி அது ஒன்றுதான். செய்தவரே விற்றுத் தர ஒப்புக்கொள்ளலாம். அவருடைய வாடிக்கையாளர்களுக்கு அவர் கை வேலை தெரியும். வரைபடம், எடைச் சீட்டு, கல் சான்றிதழ், அளவுகோல் பக்கத்தில் வைத்து எடுத்த படம், கையில் அணிந்து எடுத்த படம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். நகை உங்களுடையது, விற்கலாம். அதே வடிவத்தை மறுபடி செய்யும் உரிமை, எழுத்தில் மாற்றித் தராதவரை, பல நாடுகளில் வடிவமைத்தவருக்கே. எனவே வரைபடத்தை வேறொருவருக்கு விற்கும் முன் அவரைக் கேட்டுவிடுங்கள். உலோக விலைக்கே போவதானால் மூன்று இடங்களில் கேளுங்கள், ஒவ்வொருவரிடமும் எடை, மாற்று, கழிவு, கல் என்று நான்கு எண்களைத் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரே தொகை சொல்பவரிடம் ஒப்பிட ஒன்றுமே இருக்காது.

தோழி அன்று மோதிரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பணம் தேவைதான். வீட்டுக்கு வந்ததும் டப்பாவைக் கட்டிலில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து, எதில் உலோகம் அதிகம், எதில் வேலை அதிகம் என்று பிரித்தோம். பல வருடம் முன்பு அவளே செய்யச் சொன்ன தடித்த வளையல் ஒன்று இருந்தது. கல் கிடையாது, வேலைப்பாடு கிடையாது, போட்டு எத்தனை நாளாயிற்று என்றே அவளுக்கு நினைவில்லை. அடுத்த வாரம் அதே மனிதரிடம் அதைக் கொடுத்தோம். அதே தராசு, அதே உரைகல், இந்த முறை அவள் முகத்தில் வருத்தமில்லை. மோதிரம் செய்தவரிடம் போனது. கல் இருக்கையை அவர் 2 மில்லிமீட்டர் தாழ்த்தினார். அதுதான் இத்தனை நாளும் ஸ்வெட்டர் நூலில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தது. போன வாரம் பார்த்தபோது விரலில் இருந்தது. இலையின் ஓரத்தில் ஏற்கெனவே இரண்டு மெல்லிய கீறல்கள்.